கட்டிய பிறகு பார்ப்பதா, பார்த்த பிறகு கட்டுவதா?

போபால் நகரின் ஐஷ்பாக் பகுதியில் ரயில் பாதைக்கு மேலே சுமார் ரூ.18 கோடியில் கட்டப்பட்ட மேம்பாலம், 2025 ஜூன் மாதம் நாடெங்கும் நகைப்புக்கு இலக்கானது. பாலத்தின் உச்சியில் சாலை ஏறத்தாழச் செங்கோணமாக மடங்கி நின்றது. படங்கள் பரவிய சில நாள்களிலேயே மத்தியப் பிரதேச அரசு ஏழு பொறியாளர்களைப் பணியிடை நீக்கம் செய்தது. ஒப்பந்ததாரரும் வடிவமைப்பு ஆலோசகரும் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். விவகாரம் உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. மௌலானா ஆசாத் தேசியத் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் ஒருவர் அளந்து பார்த்து, வளைவின் கோணம் 90 டிகிரி அல்ல, 118 முதல் 119 டிகிரி வரை என்று அறிக்கை அளித்தார். அரசு ஒப்புதல் தந்த வரைபடத்தின்படியே கட்டினோம் என்பது ஒப்பந்ததாரர் தரப்பின் வாதம்.

கோணம் எத்தனை டிகிரி என்பதை நீதிமன்றம் பார்த்துக் கொள்ளும். நம் கவனத்துக்குரியது வேறு. அந்த வளைவு ஒரே இரவில் முளைத்ததல்ல. அது வரைபடத்தில் இருந்தது. அந்த வரைபடம் மாநிலப் பொதுப்பணித் துறையின் மேஜைகளில் இருந்தது. ரயில்வேயுடனான கடிதப் போக்குவரத்தில் இருந்தது. இடநெருக்கடி, அருகில் மெட்ரோ நிலையம் என்று காரணங்களும் கூறப்பட்டன. ஆனால், அதைப் பார்த்தவுடன் "இதில் பேருந்து எப்படித் திரும்பும்?" என்று ஒரு சாதாரணக் குடிமகன் கேட்ட கேள்வி, கான்கிரீட் இறுகிய பிறகுதான் கேட்கப்பட்டது. காகிதத்தில் இரண்டு இணைகோடுகள் வேறு இரண்டு இணைகோடுகளைச் சந்திப்பது யாரையும் அச்சுறுத்துவதில்லை. கண்ணெதிரே பாலமாக நிற்கும்போதுதான் அச்சுறுத்துகிறது.

கட்டுமானத்தை முதலில் கணினியில் முழுமையாகக் கட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு மண்ணில் கட்டுவது என்னும் முறை, இந்தக் குறைக்காகவே வந்தது. ஆங்கிலத்தில் அதற்கு 'பில்டிங் இன்ஃபர்மேஷன் மாடலிங்' என்று பெயர். பொறியாளர்கள் 'பிம்' என்று சுருக்கிச் சொல்கிறார்கள். தமிழில் கட்டடத் தகவல் மாதிரி எனலாம்.

விளம்பரங்களில் வண்ணமயமாக வரும் அடுக்குமாடிப் படங்களை இத்துடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. அவை வெறும் ஓவியங்கள். பழைய வரைபடத்தில் சுவர் என்பது இரண்டு கோடுகள். அந்தக் கோட்டுக்குத் தான் ஒரு சுவர் என்பது தெரியாது. தகவல் மாதிரியில் சுவர் தன்னைச் சுவராகவே அறியும். என்ன கனம், என்ன செங்கல், எத்தனை மணி நேரம் தீயைத் தாங்கும், சதுர மீட்டருக்கு என்ன விலை ஆகிய எல்லாம் அதனோடு ஒட்டியிருக்கும். ஒரு சன்னலை ஓரடி நகர்த்தினால், தளப்படம், வெட்டுத் தோற்றம், முகப்புத் தோற்றம், பொருள்களின் அளவுப் பட்டியல் அனைத்தும் தாமாகவே மாறும். கட்டடக் கலைஞர் ஒரு தாளில், கட்டமைப்புப் பொறியாளர் இன்னொரு தாளில், குழாய் வேலைக்காரர் மூன்றாவது தாளில் என்று தனித்தனியே வரைந்து, தளத்தில் மோதிக்கொள்ளும் அவலம் இதில் குறைகிறது. குளிர்காற்றுக் குழாய் ஓர் உத்தரத்தின் குறுக்கே போனால் கணினி முன்கூட்டியே சொல்லிவிடும். நம் நாட்டில் அதைத் தளத்தில் கண்டுபிடித்து, உத்தரத்தைச் செதுக்கிக் குழாயை நுழைப்பதே வழக்கம். செதுக்கும்போது எத்தனை கம்பிகள் அறுபட்டன என்பதை எந்தப் பதிவேடும் சொல்லாது.

மாதிரியோடு கால அட்டவணையைச் சேர்த்தால் நான்காவது பரிமாணம் என்றும், செலவைச் சேர்த்தால் ஐந்தாவது பரிமாணம் என்றும் துறைக்குள் சொல்கிறார்கள். நாகபுரி மெட்ரோ ரயிலை அமைத்த மகா மெட்ரோ நிறுவனம் இந்த ஐந்து பரிமாண முறையைக் கையாண்டது. தில்லி - மீரட் இடையே 82 கிலோமீட்டர் நீளத்துக்குத் திட்டமிடப்பட்ட விரைவு ரயில் தடத்தை அமைக்கும் தேசியத் தலைநகர் வட்டாரப் போக்குவரத்துக் கழகமும் வடிவமைப்புக் கட்டத்திலிருந்தே மாதிரியை வைத்தே வேலை செய்தது. அதன் முதல் பகுதி 2023 அக்டோபரில் திறக்கப்பட்டது. ஆக, இந்தியாவில் இது முடியாது என்று சொல்வதற்கு இடமில்லை. தனி நிறுவனம், அந்நியக் கடன், கண்காணிக்கும் ஆலோசகர் என்று அமைந்த இடங்களில் இது நடக்கிறது. மாவட்டத் தலைநகரில் கட்டப்படும் அரசு மருத்துவமனைக்கும் மத்தியப் பள்ளிக்கும்தான் வந்து சேரவில்லை.

இது புதுச் சரக்கும் அல்ல. அமெரிக்கப் பேராசிரியர் சார்லஸ் ஈஸ்ட்மன் இந்தக் கருத்தை 1970-களிலேயே எழுதினார். 1980-களில் ஹங்கேரியில் இதற்கான மென்பொருள் பிறந்தது. பிரிட்டிஷ் அரசு 2011-ல் அறிவித்து, ஐந்தாண்டு அவகாசம் கொடுத்து, 2016 ஏப்ரல் முதல் மத்திய அரசுத் திட்டங்கள் அனைத்துக்கும் இதைக் கட்டாயமாக்கியது. சிங்கப்பூர் 2015 முதல், 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு மாதிரியையே அனுமதி விண்ணப்பமாகக் கேட்டது. 2018-ல் பன்னாட்டுத் தர நிர்ணய அமைப்பு 19650 என்ற வரிசையில் இதற்கான நெறிமுறைகளை வெளியிட்டது.

இதில் ஒரு வேடிக்கையைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. வெளிநாட்டுக் கட்டடங்களுக்கான மாதிரி வேலையில் கணிசமான பங்கு சென்னை, கோவை, ஹைதராபாத், புணே போன்ற நகரங்களில் நடைபெறுகிறது. பிரிட்டனின் மருத்துவமனைக்கும் அமெரிக்காவின் கிடங்குக்கும் கம்பி கம்பியாக, போல்ட் போல்ட்டாக மாதிரி செய்து அனுப்புகிறவர்கள் நம் பொறியியல் கல்லூரிகளில் படித்த இளைஞர்கள். மாலையில் அவர்கள் வீடு திரும்பும் வழியில், பொதுப்பணித் துறையின் கட்டடம் ஒன்று, ஓரம் கிழிந்த நீலநிறத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு மேஸ்திரி அளப்பதைக் கொண்டு எழும்பிக்கொண்டிருக்கும். திறமை இல்லை என்பதல்ல நம் பிரச்னை. அந்தத் திறமையைக் கேட்கும் ஒப்பந்தம் நம்மிடம் இல்லை.

இனி, பணக் கணக்குக்கு வருவோம். ரூ.150 கோடியும் அதற்கு மேலும் மதிப்புள்ள மத்திய அரசுத் திட்டங்களை மத்தியப் புள்ளியியல், திட்ட அமலாக்க அமைச்சகம் கண்காணித்து அறிக்கை வெளியிட்டு வந்துள்ளது. 2024 மார்ச் மாத அறிக்கையின்படி, 1,873 திட்டங்களில் 449 திட்டங்களின் செலவு மதிப்பீட்டைத் தாண்டியது. 779 திட்டங்கள் தாமதமாயின. கூடுதல் செலவு மட்டும் ரூ.5 லட்சம் கோடிக்கு மேல். ஒரு பெரிய மாநிலத்தின் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தையே விஞ்சும் தொகை இது.

மாதிரியாக்கத்தின் ஆர்வலர்கள் இந்த எண்ணைக் காட்டி, கணினி வந்தால் எல்லாம் தீரும் என்று பேசுவது உண்டு. அதை நம்ப வேண்டியதில்லை. அதே அறிக்கை தாமதத்துக்குச் சொல்லும் காரணங்களைப் படித்தால் உண்மை விளங்கும். நிலம் கையகப்படுத்தல், வனத்துறை, சுற்றுச்சூழல் அனுமதிகள், நிதி ஏற்பாடு, சட்டம் ஒழுங்கு ஆகியவை அந்தப் பட்டியலில் இருக்கின்றன. இவற்றை எந்த மென்பொருளும் தீர்க்காது. மதுரை எய்ம்ஸ் மருத்துவமனை தமிழ் வாசகர்கள் நன்கறிந்த உதாரணம். 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. ரூ.1,264 கோடி என்றிருந்த மதிப்பீடு ரூ.1,977 கோடியைத் தாண்டியது. ஜப்பானியக் கடனுக்காகக் காத்திருந்து, கட்டுமானம் உண்மையில் தொடங்கியது 2024-ல். அந்த ஐந்தாண்டுக்கு வரைபடத்தைக் குறை சொல்ல முடியாது.

ஆனால், அதே காரணப் பட்டியலில் வேறு இரண்டும் உள்ளன. விரிவான பொறியியல் வடிவமைப்பை இறுதி செய்வதில் தாமதம் என்பது ஒன்று. திட்டத்தின் எல்லை இடையில் மாற்றப்பட்டது என்பது மற்றொன்று. என்ன கட்டப் போகிறோம் என்பதை முழுமையாகத் தீர்மானிக்காமலேயே கட்டத் தொடங்கிவிட்டோம் என்பதன் அலுவலக மொழிபெயர்ப்புதான் இவ்விரண்டும். இங்கே மாதிரிக்கு வேலை இருக்கிறது. இங்கேதான் எதிர்ப்பும் இருக்கிறது.

அந்த எதிர்ப்பின் வேரைப் பொதுப்பணித் துறைகளின் நடைமுறையை அறிந்தவர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். தேர்தல் அறிவிப்புக்கு முன் அடிக்கல் நாட்டியாக வேண்டும். அதற்கு முன் ஒப்பந்தப்புள்ளி கோரியாக வேண்டும். ஆகவே தோராயமான வரைபடத்தை வைத்து, தோராயமான அளவுப் பட்டியல் தயாராகிறது. மிகக் குறைந்த விலை குறிப்பிட்டவருக்கு வேலை போகிறது. அவர் அந்த விலையில் அந்த வேலையை முடிக்க முடியாது என்பது அவருக்கும் தெரியும், வேலையைக் கொடுத்தவருக்கும் தெரியும். பிறகு, ஒவ்வொன்றாக விரிவான வரைபடங்கள் வரும், அஸ்திவாரம் ஆழமாகும், பட்டியலில் இல்லாத வேலை முளைக்கும். 'கூடுதல் வேலை', 'அளவு மாறுதல்' என்று கோப்புகள் நகரும். ஒப்பந்ததாரரின் லாபமும், அந்தக் கோப்பு நகரும் மேஜைகளின் லாபமும் இந்த இடைவெளியில்தான் இருக்கின்றன. 'எம்-புக்' எனப்படும் அளவுப் புத்தகம் நம் பொதுப்பணித் துறைகளில் ஏறக்குறைய ஒரு புனித நூல். அதில் எழுதப்பட்டதே அளவு. உதவிப் பொறியாளர் எழுதிய கன மீட்டருக்கு மறுபேச்சு கிடையாது.

ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பே மாதிரியை முழுமையாக முடித்துவிட்டால், எத்தனை கன மீட்டர் கான்கிரீட், எத்தனை டன் கம்பி, எத்தனை கதவு என்பது அனைவருக்கும் ஒன்றாகத் தெரிந்துவிடும். பூமிக்கடியில் பாறை வந்தால் மாறும், மறுப்பதற்கில்லை. ஆனால், தரைக்கு மேலே உள்ள மூன்றாம் மாடியின் தளக் கனம் எப்படி 'எதிர்பாராத' கூடுதல் வேலை ஆகும்? இந்தக் கேள்வியை ஒரு தணிக்கை அதிகாரி எழுப்ப இன்று ஆயிரம் தாள்களைப் புரட்ட வேண்டும். மாதிரி இருந்தால் ஒரு பிற்பகல் போதும். கணினி வாங்கப் பணமில்லை, பயிற்சி இல்லை என்று சொல்லப்படும் காரணங்களில் உண்மை உண்டு; இந்தக் காரணம் மட்டும் யாராலும் சொல்லப்படுவதில்லை.

மத்திய அரசு இந்தத் திசையில் ஒன்றுமே செய்யவில்லை என்று கூறுவது நியாயமாகாது. 2021 அக்டோபர் 29-ல் நிதி அமைச்சகம் வெளியிட்ட கொள்முதல், திட்ட மேலாண்மை பொது அறிவுரைகள், மிகக் குறைந்த விலை என்ற ஒற்றை அளவுகோலிலிருந்து விலக வழி செய்தன. தரத்துக்கும் மதிப்பெண் அளிக்கலாம், ஆனால் கட்டுமானப் பணிகளில் அது 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று அவை கூறின. ஒப்பந்ததாரர் பட்டியல் அளித்த பத்து வேலை நாள்களுக்குள் தகுதியான தொகையில் குறைந்தது 75 சதவீதத்தைத் தர வேண்டும் என்றும் கூறின. நல்ல அறிவுரைகள். ஆனாலும், கட்டப் போகும் பொருளைப் பற்றிய முழுத் தகவல் கையில் இல்லாதபோது, தரத்துக்கு மதிப்பெண் போடுவது நிறுவனத்தின் பழைய பெருமைக்குப் போடும் மதிப்பெண்ணாகவே முடியும்.

முன்கூட்டியே எல்லாவற்றையும் தீர்மானித்தால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையே சாட்சி. 2021 ஜனவரி முதல் நாளில் பிரதமர் ஆறு நகரங்களில் 'கலங்கரை விளக்க'க் குடியிருப்புத் திட்டங்களுக்கு அடிக்கல் நாட்டினார். சென்னை பெரும்பாக்கத்தில் 1,152 வீடுகள். தொழிற்சாலையில் முன்கூட்டி வார்த்த கான்கிரீட் பாகங்களைக் கொண்டுவந்து பொருத்தும் முறை. கொரோனா இரண்டாம் அலையையும் கடந்து 2022 மே மாதம் அது திறக்கப்பட்டது, ஆறில் முதலாவது. முன்வார்ப்பு முறையில் ஒரு வசதி உண்டு. அதையே கட்டாயம் என்றும் சொல்லலாம். சுவருக்குள் மின்குழாய் எங்கே, குளியலறைத் துளை எங்கே என்பதை அச்சில் ஊற்றுவதற்கு முன் முடிவு செய்தாக வேண்டும். 'தளத்தில் பார்த்துக்கொள்ளலாம்' என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை. மாதிரியாக்கம் கோரும் ஒழுக்கமும் இதுவே.

பணத்தைவிடப் பெரிய விஷயம் உயிர். கட்டடம் எழுந்து நின்ற பிறகு அதைப் பற்றி யாருக்கு என்ன தெரியும்? தலைநகரின் அனுபவம் துயரமானது. 1997 ஜூன் 13-ல் கிரீன் பார்க் பகுதியில் உபஹார் திரையரங்கில் 59 பேர் மாண்டனர். கூடுதல் இருக்கைகள் போடப்பட்டதில் மேல்மாடியின் நடைவழி ஒன்று அடைபட்டிருந்தது பிறகு நிறுவப்பட்டது. 2022 மே மாதம் முண்ட்காவில் தீயணைப்புத் துறையின் சான்றே இல்லாத கட்டடத்தில் 27 பேர் எரிந்து போயினர். 2024 ஜூலை 27-ல் பழைய ராஜிந்தர் நகரில், ஐ.ஏ.எஸ். கனவோடு தலைநகருக்கு வந்த மூன்று மாணவர்கள், மழைநீர் புகுந்த அடித்தளத்தில் மூழ்கி இறந்தனர். பொருள் சேமிப்புக்கும் வாகன நிறுத்தத்துக்கும் என்று அனுமதிக்கப்பட்ட அடித்தளம் அது. உள்ளே நூலகம் நடந்துகொண்டிருந்தது.

இந்த மூன்றிலும் மாநகராட்சியிடமோ காவல்துறையிடமோ ஏதேனும் ஒரு தாள் இருந்திருக்கும். அந்தத் தாள் சொன்ன கட்டடம் ஒன்று. மக்கள் நின்றிருந்த கட்டடம் வேறொன்று. லண்டனில் 2017 ஜூனில் கிரென்ஃபெல் கோபுரம் எரிந்து 72 பேர் மாண்டபோது பிரிட்டனும் இதையேதான் கண்டது. எந்தப் பொருளை, எப்போது, யார் முடிவின்பேரில் சுவரில் பொருத்தினார்கள் என்று உறுதியாகச் சொல்ல ஓர் ஆவணமும் ஒழுங்காக இல்லை. டேம் ஜூடித் ஹாக்கிட் தலைமையிலான ஆய்வு 2018 மே மாதம் தந்த அறிக்கையில், வடிவமைப்பிலிருந்து பயன்பாடு வரை அறுபடாமல் தொடரும் ஒரு தகவல் சரடு, அதுவும் கணினி வடிவில், உயரமான குடியிருப்புகளுக்கு வேண்டும் என்று பரிந்துரைத்தார். அவர் அதற்கு இட்ட பெயர் 'தங்க இழை'. 2022-ல் கட்டடப் பாதுகாப்புச் சட்டமாக அது உருப்பெற்றது. நாம் உபஹாருக்குப் பிறகு கால் நூற்றாண்டுக்கு மேல் வழக்கு நடத்தினோம். ஆவணத்தை மாற்றவில்லை.

தீயணைப்பு வாகனம் புறப்படும்போதே, அந்தக் கட்டடத்தில் எத்தனை படிக்கட்டுகள், அடித்தளத்துக்கு எத்தனை வழிகள், மின்மாற்றி எங்கே என்பதை அதிகாரி கையடக்கக் கணினியில் பார்க்க முடிவது கற்பனைக் கதை அல்ல. கட்டி முடித்த நிலையில் மாதிரியைப் புதுப்பித்து உள்ளாட்சியிடம் ஒப்படைத்தால் போதும். பிறகு உரிமையாளர் நடைவழியை அடைத்தால், அடைத்ததை நிரூபிக்க ஆணையம் அமைக்க வேண்டியிருக்காது.

இதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதை உடனே சொல்லியாக வேண்டும். 2022 பிப்ரவரியில் குருகிராம் செக்டார் 109-ல் ஓர் அடுக்குமாடியின் ஆறாம் மாடித் தளம் சரிந்து, கீழ்த் தளங்களையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. இரண்டு பெண்கள் இறந்தனர். தில்லி ஐஐடி ஆராய்ந்து, கான்கிரீட்டில் குளோரைடு இருப்பதைக் கண்டது. தில்லியின் முகர்ஜி நகரில் தில்லி வளர்ச்சி ஆணையம் கட்டிய 336 வீடுகள் கொண்ட குடியிருப்பு, குடிபுகுந்து பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளிலேயே வாழத் தகுதியற்றது என்று ஐஐடி ஆய்வு கூறி, அதை இடிப்பதற்கு உயர் நீதிமன்றம் 2024 டிசம்பரில் அனுமதித்தது. இந்தக் கட்டடங்களின் வரைபடம் குற்றமற்றதாகவே இருந்திருக்கலாம். கலவையில் ஊற்றிய தண்ணீரை எந்த மாதிரியும் ருசி பார்ப்பதில்லை. 2024 ஜூலை இறுதியில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்தின் முன்கூடத்தில் மழைநீர் சொட்டியபோது, கண்ணாடிக் கூரையின் ஒட்டுப் பசை சற்று விலகியதே காரணம் என்று மக்களவைச் செயலகம் விளக்கியது. பசையும் அப்படித்தான். தளத்தில் நிற்கும் பொறியாளரின் கண்ணுக்கு மாற்று இல்லை. அந்தப் பதவிகளைக் காலியாக வைத்துவிட்டு மென்பொருள் வாங்குவது பித்தலாட்டம்.

தளத்தில் நிற்கும் தொழிலாளி பற்றியும் யாரும் பேசுவதில்லை. பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வரும் கம்பி கட்டுபவருக்கு ஆங்கிலத்தில் எழுதிய திரை எதற்கு? ஆனால், முப்பரிமாணப் படமாக ஒரு தூணின் கம்பிக் கூட்டைச் சுழற்றிக் காட்டினால், தாளில் உள்ள குறியீட்டைவிட அவருக்கு அது எளிதில் புரியும். எழுத்தறியாத கைவினைஞரை இத்தொழில்நுட்பம் ஒதுக்கும் என்ற அச்சம் பரவலாக இருக்கிறது. பயன்படுத்தத் தெரிந்தால், அவரை நெருங்கி வரச் செய்யக் கூடியதும் இதுவே என்பது என் எண்ணம்.

நான் பெரிதும் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. இந்த மாதிரி யாருடைய சொத்து? சந்தையில் கோலோச்சும் மென்பொருள்கள் பெரும்பாலும் வெளிநாட்டு நிறுவனங்களுடையவை. ஆண்டுச் சந்தா கட்டினால்தான் கோப்பே திறக்கும். 2020-ல் பிரிட்டனின் புகழ்பெற்ற கட்டடக்கலை நிறுவனங்கள் பல ஒன்றுசேர்ந்து, ஆட்டோடெஸ்க் நிறுவனத்துக்கு விலை உயர்வையும் மென்பொருளின் தேக்கத்தையும் கண்டித்துப் பகிரங்கக் கடிதம் எழுதின. அவர்களுக்கே அந்த நிலை என்றால், மூன்று பேர் வேலை செய்யும் திருச்சி அலுவலகத்தின் கதி என்ன? அரசு இதைக் கட்டாயமாக்கும்போது ஒரு நிறுவனத்தின் பெயரை எழுதிவிட்டால், நாட்டின் பொதுக் கட்டடங்கள் அனைத்தின் உடற்கூறும் ஒரு வணிக நிறுவனத்தின் பூட்டுக்குள் போய்விடும். 'ஐ.எஃப்.சி.' என்ற திறந்த வடிவம் 2013 முதலே பன்னாட்டுத் தரமாக இருக்கிறது. எந்த மென்பொருளில் செய்தாலும் அந்த வடிவில் ஒப்படைக்க வேண்டும், ஒப்படைத்த மாதிரி அரசின் சொத்து என்ற இரண்டு வரிகளை ஒப்பந்தத்தில் எழுதுவதற்குப் பெரிய அறிவு தேவையில்லை.

அரசின் சொத்து என்றால் மக்களின் சொத்து. இங்கேதான் போபால் வளைவு மீண்டும் நினைவுக்கு வர வேண்டியிருக்கிறது. ஒரு தளப்படத்தைப் படிக்கத் தெரிந்தவர் நூற்றில் ஒருவர் இருந்தால் அதிகம். மாதிரிக்குள் நடந்து பார்க்கப் படிப்பு வேண்டாம். புதிய மருத்துவமனையில் மகப்பேறுப் பிரிவுக்குத் தள்ளுவண்டி எப்படிப் போகும் என்று செவிலியர் பார்த்துச் சொல்லலாம். பள்ளிக் கழிப்பறையின் வாசல் எந்தப் பக்கம் திறக்கிறது என்று ஒரு தாய் பார்த்துச் சொல்லலாம். சட்டப்பேரவை உறுப்பினரும் பார்க்கலாம். அவருக்கும் தளப்படம் புரிவதில்லை என்பது ரகசியமல்ல.

சென்ட்ரல் விஸ்டா வழக்கில் 2021 ஜனவரி 5-ல் உச்ச நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் திட்டத்தை அனுமதித்தது. மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி சஞ்சீவ் கன்னா, மக்கள் கருத்துக் கூறுவதற்கு முன் அவர்களுக்குப் புரியும்படியான, போதுமான தகவல் தரப்பட வேண்டும் என்றார். வரைபடங்களையும் விளக்கக் குறிப்பையும் இணையத்தில் வெளியிடுமாறு கூறினார். சிறுபான்மைத் தீர்ப்பு என்பதால் அது அமலாகவில்லை. எனினும் 'புரியும்படியான தகவல்' என்ற அந்தக் கோரிக்கையை நிறைவேற்றும் கருவி இன்று கையில் இருக்கிறது. பாதுகாப்பு என்ற ஆட்சேபம் உடனே எழும். நாடாளுமன்றத்துக்கும் ராணுவக் கட்டடத்துக்கும் அது பொருந்தும். ஆரம்ப சுகாதார நிலையத்தின் படிக்கட்டு எந்தப் பகைவனுக்கும் ரகசியமாக இருக்க வேண்டியதில்லை.

தனியார் கட்டடங்கள் விஷயத்தில் தில்லி எதையும் திணிக்க முடியாது, திணிக்கவும் கூடாது. கட்டட ஒழுங்குமுறை, அரசியல் சட்டத்தின் பன்னிரண்டாவது அட்டவணைப்படி நகராட்சிகளுக்கு உரியது; அதை வழங்குவது மாநிலச் சட்டமன்றம். மத்திய அரசின் 2016-ம் ஆண்டு மாதிரிக் கட்டட விதிகள்கூட மாநிலங்களுக்கான ஆலோசனைதான். சிறு வீடு கட்டும் நடுத்தரக் குடும்பத்தை இந்த வலைக்குள் இழுப்பது கொடுமையும் ஆகும். பிரிட்டன் செய்ததைப்போல, மத்திய அரசு தன் சொந்தப் பணத்தில் தானே கட்டும் கட்டடங்களில் தொடங்கட்டும். மத்திய பொதுப்பணித் துறை 1854 முதல் இருந்து வருகிறது. அதன் ஒப்பந்தப் படிவங்களையே பல மாநிலத் துறைகளும் தழுவி எழுதிக்கொள்கின்றன. அங்கே ஒரு ஷரத்து மாறினால் சென்னையிலும் பாட்னாவிலும் எதிரொலிக்க அதிக காலம் பிடிக்காது.

குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட கட்டடத்துக்கு, மாதிரி முழுமையடையாமல் ஒப்பந்தப்புள்ளி கோரக் கூடாது. வடிவமைப்புக்குத் தனிக் காலமும் தனிக் கட்டணமும் ஒதுக்க வேண்டும். இறுதிப் பட்டியலின் ஒரு பகுதியை, கட்டிய நிலையிலான மாதிரியைத் திறந்த வடிவில் ஒப்படைத்த பிறகே தர வேண்டும். அடிக்கல் விழாக்கள் சில மாதங்கள் தள்ளிப் போகும். அதைத் தாங்கிக்கொள்ளும் மனம் ஆளுங்கட்சிக்கு வர வேண்டும், எந்தக் கட்சி ஆண்டாலும். சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை. 2021 அக்டோபர் அறிவுரைகளும் நாடாளுமன்றத்தில் மசோதாவாக வந்தவை அல்ல. நிதி அமைச்சகத்தின் செலவினத் துறை அனுப்பிய சுற்றறிக்கையாகவே வந்தன.